கோட்டைக்குப் பட்டயம், வீட்டுக்குப் பூட்டு

மராட்டியக் கோட்டைகளுக்கு உலக அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அந்தக் கோட்டைகளை ஆட்டிவைத்தவர்கள் குடியிருந்த கல் வீடுகளோ புனே சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்கின்றன.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது புனேயில் பட்டாசு வெடித்ததில் வியப்பில்லை. சிவாஜி பிறந்த சிவ்னேரி, அவரது முதல் தலைநகரான ராஜ்கட், மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் லோஹகட் என்று மூன்று கோட்டைகள் புனே மாவட்டத்தில் மட்டுமே இருக்கின்றன. 12-ல் 11 மகாராஷ்டிரத்தில். மிச்சமிருக்கும் ஒன்று நம் செஞ்சி.

ஆனால் கோட்டை என்பது போர்க்காலத்து இடம். கணக்கு எழுதியது, கடன் வாங்கியது, கல்யாணம் பேசியது, எதிரிக்கு ஓலை அனுப்பியது எல்லாம் மலைக்குக் கீழே, ஊருக்குள் இருந்த வீடுகளில். மராட்டியில் அவற்றுக்கு ‘வாடா’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அதட்டலாக விழும் இந்தச் சொல்லுக்கு முற்றம் வைத்த பெரிய வீடு என்பதே பொருள். புனே நகரின் சனிவார் வாடாவை எல்லோருக்கும் தெரியும். நகரத்தை விட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் பயணம் செய்தால் எதிர்ப்படும் கிராமத்து வாடாக்களைத் தெரிந்தவர்கள் குறைவு. அவற்றில் பலவற்றுக்குப் பட்டயமும் இல்லை, காவலும் இல்லை. இருப்பது பூட்டு மட்டுமே.

சாஸ்வடில் ஒரு குட்டிக் கோட்டை

புனேயிலிருந்து தென்கிழக்கே திவே கணவாயில் ஏறி இறங்கினால் சுமார் 30 கி.மீ.யில் சாஸ்வட். கர்ஹா நதிக்கரை ஊர். ஞானேஸ்வரரின் தம்பி சோபான்தேவ் சமாதி அடைந்த தலம் என்பதால் பண்டரிபுரம் போகும் வார்க்கரி பக்தர்களுக்கு முக்கியமான இடம். சுற்றிலும் அத்திப்பழத் தோட்டங்கள், சீத்தாப்பழத் தோட்டங்கள். தெற்கே புரந்தர் கோட்டை நிற்கும் மலை.

ஊருக்குள் நுழைந்து புரந்தரே வாடா எது என்று கேட்டால் குழந்தைகூட வழி சொல்லும். பார்த்தவுடன் வீடு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். உயர்ந்த கல் மதில், கொத்தளங்கள், யானை நுழையக்கூடிய வாசல், அதற்கு மேலே செங்கல் மாடம். சனிவார் வாடாவைச் சுருக்கி இங்கே கொண்டுவந்து வைத்தது போன்ற தோற்றம். அப்படிச் சொன்னால் சாஸ்வட்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இதைப் பார்த்துத்தான் அது கட்டப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் ஊர்ப் பெருமை மட்டும் இல்லை. பேஷ்வாக்களின் கதை புனேயில் தொடங்கவில்லை. 1713-ல் பேஷ்வா ஆன பாலாஜி விஸ்வநாத்துக்குத் தோள் கொடுத்தவர் சாஸ்வடின் அம்பாஜி புரந்தரே. பாலாஜி விஸ்வநாத் 1720-ல் கண்ணை மூடியதும் இந்த ஊரில்தான். அவர் மகன் முதலாம் பாஜிராவ் 1728-ல்தான் தன் இருப்பிடத்தை சாஸ்வடிலிருந்து புனேவுக்கு மாற்றினார். சனிவார் வாடாவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1730 ஜனவரி 10 அன்று.

இன்று வாசலும் மதிலும் கம்பீரமாக நிற்கின்றன. உள்ளேதான் துயரம். மாடிகள் இருந்த இடத்தில் வானம். உத்தரம் செருகியிருந்த குழிகளில் புறாக்கள். சுவரைப் பிளந்து முளைத்த ஆலும் அரசும் வேரால் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. செடியைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வந்துவிடும் என்ற நிலை.

கல்லும் மரமும் செய்த ஒப்பந்தம்

மராட்டியக் கொத்தனார்கள் இந்த வீடுகளை எப்படிக் கட்டினார்கள் என்பது சுவாரஸ்யமான விஷயம். தக்காணத்தின் கல் நம் மாமல்லபுரத்துக் கருங்கல் அல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பாய்ந்து, படிந்து, இறுகிய கரும்பாறை. கடினமானது, தண்ணீரை எளிதில் உறிஞ்சாதது. சஹ்யாத்ரி மழை நான்கு மாதம் அடித்தாலும் அசையாத இந்தக் கல்லால் முதலில் உயரமான மேடை எழுப்புவார்கள். அதற்கு ‘ஜோதே’ என்று பெயர். கீழ்ச்சுவர்களும் கல்தான். ஆனால் சுவர் முழுவதும் ஒரே கல் அல்ல. வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை செதுக்கிய கல் வைத்து, நடுவில் உடைகல்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. மதில் மாதிரி தடித்த இந்தச் சுவர்தான் சித்திரை வெயிலிலும் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

மேல்தளம் மெல்லிய செங்கல்லால் ஆனது. இதற்கு ஒரு கதை உண்டு. சனிவார் வாடாவை முழுக்கக் கல்லாலேயே கட்ட நினைத்தார்களாம். கல் மாளிகை கட்டும் உரிமை அரசருக்கே உண்டு என்று சாதாராவில் முணுமுணுப்பு எழுந்ததால், சத்ரபதி ஷாஹுவுக்கு அடங்கி, முதல் தளத்துக்கு மேல் செங்கல்லுக்கு மாறினார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசரின் கண் எட்டாத கிராமத்து வாடாக்களிலும் இதே அமைப்புதான். நிலத்தின் ஈரத்தைத் தடுக்கக் கீழே கல், பாரத்தைக் குறைக்க மேலே செங்கல் என்ற கொத்தனாரின் கணக்கே உண்மைக் காரணமாக இருக்க வேண்டும்.

கூரையைத் தாங்குவது பெரும்பாலும் சுவர் அல்ல, தேக்குச் சட்டம். தூண், அதன் மேல் வாழைப்பூ வடிவத் தாங்கி, அதன் மேல் உத்தரம். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட வெளி ‘கண்’. வீட்டின் அளவையே இத்தனை கண் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் இத்தனை அங்கணம் என்பது போல.

பெரிய கதவில் ஆள் குனிந்து நுழைய ஒரு சின்னக் கதவு இருக்கும். நம் திட்டிவாசல்தான். அதைத் தாண்டியதும் காவலாளிகளின் திண்ணை. பிறகு ‘சௌக்’ எனப்படும் முற்றம், அதைச் சுற்றி ‘ஓசரி’ என்னும் தாழ்வாரம். முதல் முற்றம் வெளியாட்களுக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும். அடுத்தது குடும்பத்துக்கு. அதற்கும் பின்னால் சமையலறை, தானிய அறை, பிள்ளை பெற்றவளுக்குக் காற்றும் வெளிச்சமும் அடக்கிய அறை, துளசி மாடம், கிணறு, கொல்லை வாசல். முற்றம் முற்றமாக உள்ளே போகப் போக அந்தரங்கம் கூடும். காரைக்குடி வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த வரிசையை விளக்கவே வேண்டாம்.

நானாவின் கிராமம்

சாஸ்வட் இழப்பின் படம் என்றால், மேணவலி பிழைத்ததன் படம். நிர்வாகக் கணக்குப்படி அது சாதாரா மாவட்டம். வரலாற்றுக் கணக்குப்படி புனேயின் நீட்சி. புனேயிலிருந்து தெற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் கம்பாட்கி கணவாயைக் கடந்து, சுரூரில் வலது பக்கம் திரும்பி, வாய் என்ற கோயில் நகரைத் தொட்டால், அங்கிருந்து 3 கி.மீ.

பேஷ்வா அரசின் கணக்கையும் கடிதத்தையும் கையில் வைத்திருந்தவர் நானா பட்னவீஸ். இயற்பெயர் பாலாஜி ஜனார்தன் பானு. 1761-ல் பானிபட் களத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர். பிறகு கால் நூற்றாண்டுக்கு மராட்டிய அரசியலைப் பேனாவால் நடத்தியவர். 1768-ல் மேணவலி அவருக்கு மானியமாகக் கிடைத்தது. கிருஷ்ணா நதிக்கரையில் 6 முற்றங்கள் கொண்ட வாடா, அகலமான கல் படித்துறை, சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் கோயில்கள் என்று ஒரு முழு வளாகத்தை எழுப்பினார்.

மதில் சூழ்ந்த அந்த வீட்டின் கொல்லை வாசலைத் திறந்தால் நேரே படித்துறை. சில சுவர்களில் காவி, நீல வண்ண ஓவியங்கள் மங்கலாக மிஞ்சியிருக்கின்றன. நானாவின் கட்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் நிறுத்திவைப்பது படித்துறையருகே மேணேஸ்வரர் சந்நிதிப் பக்கம் தொங்கும் மணி. சுமார் 650 கிலோ எடை. அதில் குழந்தை ஏசுவை ஏந்திய மாதாவின் உருவமும் 1707 என்ற ஆண்டும் வார்க்கப்பட்டிருக்கின்றன. 1739-ல் சிமாஜி அப்பா போர்ச்சுக்கீசியரிடமிருந்து வசை கோட்டையைப் பிடித்தபோது அங்கிருந்த மாதாகோயில் மணிகள் மராட்டியத் தளபதிகளுடன் உள்நாட்டுக்கு வந்தன. பீமாசங்கர் கோயிலில் தொங்குவதும் அந்த வகை மணிதான்.

வீட்டில் குவிந்து கிடந்த ஆவணக் கட்டுகள் ‘மேணவலி தப்தர்’ என்ற பெயரில் ஆய்வாளர்களுக்குப் பரிச்சயமானவை. அவை பராஸ்நிஸ் சேகரிப்பின் வழியே புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்தன. காகிதம் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டது. வீட்டை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. நானாவின் வழிவந்த குடும்பத்தின் பொறுப்பில் அது நிற்கிறது. பார்வையாளர்கள் வருகிறார்கள். சினிமாக்காரர்களும் வருகிறார்கள். 2004-ல் வந்த ‘ஸ்வதேஸ்’ இந்திப் படத்தின் கிராமம் இந்த ஊர்தான்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இந்த வீடுகளைப் பற்றி ஏக்கத்தோடு மட்டும் எழுதுவது நியாயமாகாது. திட்டிவாசலைத் தாண்ட ஊரில் எல்லோருக்கும் அனுமதி இருந்ததில்லை. படித்துறையில் எல்லோரும் இறங்கியதும் இல்லை. பேஷ்வா ஆட்சியில் தீண்டாமை எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதை மகாராஷ்டிரம் இன்னும் மறக்கவில்லை. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையைப் பிரிட்டிஷ் பட்டாளம் எதிர்த்து நின்ற கோரேகாவ் பீமாவில், அந்தப் பட்டாளத்தின் மஹர் வீரர்களை நினைவுகூர ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுவது இதனால்தான். வாடாவைக் காப்பாற்றுவது பேஷ்வாவுக்கு மாலை போடுவது ஆகாது. யார் எந்த முற்றம் வரை வரலாம் என்று கல்லில் வகுத்து வைத்த சமூகத்தின் சாட்சியம் அது. சாட்சியை அழித்தால் வழக்கு தீர்ந்துவிடாது.

ஏன் சரிகின்றன?

இந்த வீடுகளை நிறுத்திவைத்தது கல் மட்டுமல்ல, மானிய நிலத்தின் வருமானமும்தான். 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்த பிறகும் பல குடும்பங்களுக்கு மானியங்கள் தொடர்ந்தன. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948-ம் ஆண்டின் குத்தகைச் சட்டமும் மானிய ஒழிப்பும் 1961-ன் நில உச்சவரம்பும் அந்த வருமானத்தை நிறுத்தின. உழுதவனுக்கு நிலம் போனது நியாயமே. ஆனால் பழுது பார்க்க யாரிடமும் பணம் இல்லாமல் போனது.

1948-ல் இன்னொரு அடி. காந்தி கொலைக்குப் பிறகு மேற்கு மகாராஷ்டிரத்தில் பிராமணர் வீடுகள் தாக்கப்பட்டன. பல கிராமங்களில் வாடாக்கள் எரிந்தன. குடும்பங்கள் புனேவுக்கும் பம்பாய்க்கும் குடிபெயர்ந்தன, திரும்பவில்லை. அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு பங்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு அதில் ஆளுக்கொரு பங்கு என்று பிரிந்து, இன்று ஒரு ஓட்டை மாற்றவும் எத்தனையோ கையெழுத்துகள் தேவை. கையெழுத்து சேர்வதற்குள் மழைக்காலம் வந்துவிடுகிறது.

நகரத்து வாடாக்களின் விதி வேறு. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து வெள்ளம் வந்தபோது முட்டா நதிக்கரைப் பேட்டைகளில் மண் சாந்தில் நின்ற பல வீடுகள் கரைந்து விழுந்தன. மிஞ்சியவற்றில் பழைய வாடகைச் சட்டத்தால் உறைந்துபோன சொற்ப வாடகைக்குக் குடித்தனங்கள். வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை, குடித்தனக்காரர் காலி செய்யவில்லை. கடைசியில் வந்தது அடுக்குமாடி.

சட்டம் எங்கே நிற்கிறது?

மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டம் தேச முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களுக்கானது. சனிவார் வாடா அந்தப் பாதுகாப்பில் இருக்கிறது. மகாராஷ்டிரத்துக்கு 1960-ல் ஒரு தனிச் சட்டம் உண்டு. புனே மாநகராட்சி நகரத்துக்குள் பாரம்பரியக் கட்டடங்களைத் தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கிறது. கிராமத்தில் தனியாருக்குச் சொந்தமான ஒரு வாடா பெரும்பாலும் இந்த மூன்று வலையிலும் சிக்குவதில்லை.

சிக்கினாலும் எல்லோரும் மகிழ்வதில்லை. 2010-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். சனிவார் வாடாவைச் சுற்றியுள்ள பழைய வீட்டுக்காரர்கள் இடித்துக் கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். ஒரு வாடாவைக் காக்கும் சட்டம் பக்கத்து வாடாக்களின் மீது பாரமாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் பார்க்கும் கிராமத்து உரிமையாளர், தன் வீட்டுக்கு அரசு முத்திரை வேண்டும் என்று எப்படி மனுப் போடுவார்?

பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கே இரண்டு விடைகள் இருக்கின்றன. புனேயிலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ.யில், பீமா நதிக்கரையில் உள்ள ராஜ்குருநகர் பழைய பெயரில் கேட். 1931 மார்ச் 23 அன்று பகத்சிங், சுக்தேவுடன் லாகூரில் தூக்கிலிடப்பட்ட ராஜ்குரு 1908-ல் பிறந்த வாடா அங்கே மாநில அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. அவர் பிறந்த அறைக்குள் நின்று பார்க்கலாம். மாறாக, 1848-ல் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய புனே பிடே வாடா, நெடுங்கால வழக்குக்குப் பின் 2023 டிசம்பரில் நினைவிடம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. சிதிலமடைந்த கட்டடம்தான். இருந்தாலும் அந்தச் சிறுமிகள் ஏறிய படி இனி கிடையாது.

சிமெண்ட் என்னும் நண்பன்

பணம் கிடைத்தாலும் ஆபத்து தீருவதில்லை. பழைய சுவர் மூச்சு விடும் சுவர். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சுவருக்குள் செருகிய தேக்கு உத்தரத்தின் நுனி யாருக்கும் தெரியாமல் மக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் வீடு ஒரு நாள் உள்ளிருந்து விழும்.

சரியான மருந்து பழைய மருந்துதான். சுண்ணாம்பைக் குழியில் நீற்று நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு கல் சக்கரத்தில் அரைத்து, வெல்லமும் கடுக்காயும் சேர்க்க வேண்டும். நம் கொத்தனார்களுக்கும் இது தெரிந்த பக்குவமே. ஆனால் அதைச் செய்யும் கைகள் குறைந்துவிட்டன. சிமெண்ட் ஒரு நாளில் இறுகும், சுண்ணாம்பு பொறுமை கேட்கும். ஒப்பந்தக்காரருக்குப் பொறுமைக்கு ரசீது போடத் தெரியாது.

வீட்டைக் காக்க முடியாதவர்கள் உறுப்புகளை விற்கிறார்கள். செதுக்கிய தூண்கள் ஓட்டல் வரவேற்பறைகளிலும் பண்ணை வீடுகளிலும் நிற்கின்றன. செட்டிநாட்டுத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்த அதே பாதை. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. உத்தேசம் இன்னும் உத்தேசமாகவே இருக்கிறது. ஆனால் சில செட்டிநாட்டு வீடுகள் விருந்தினர் விடுதிகளாகி, தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. மேணவலியின் பாதையும் ஏறக்குறைய அதுதான். முற்றத்தில் ஆள் நடமாடும் வீடு விழுவதில்லை.

மகாராஷ்டிர அரசு 2007-ல் தொடங்கிய ‘மகாராஷ்டிர வைபவ்’ திட்டத்தில் தனியார் அமைப்புகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைத் தத்தெடுக்கலாம். தத்தெடுக்க முதலில் பட்டியலில் பெயர் வேண்டும். ஆகவே முதல் வேலை எளிமையானது: மாவட்டம் முழுக்கக் கிராமம் கிராமமாக எத்தனை வாடாக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணி, அளந்து, வரைந்து வைப்பது. அடுத்தது, உரிமையாளரைக் குற்றவாளியாக்காமல் சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் உதவித்தொகை தருவது. கோட்டையைக் காப்பாற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையாக இருக்காது.

போவதானால்

புனே ஸ்வார்கேட்டிலிருந்து சாஸ்வடுக்கும் வாய்க்கும் அரசுப் பேருந்துகள் உண்டு. சாஸ்வடை அரை நாளில் பார்க்கலாம். கர்ஹாவும் சாம்ப்ளியும் கூடும் இடத்தில் உள்ள சங்கமேஸ்வரர் கோயிலையும் விட்டுவிட வேண்டாம். மேணவலிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மழை ஓய்ந்த அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வாடாவின் உட்புறத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள நினைத்தால், புனே சுக்ரவார் பேட்டை ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கோத்ரூடிலிருந்து பெயர்த்து வந்து மறுபடி கட்டிய மஸ்தானி மஹால் அங்கே இருக்கிறது. கிராமத்து வாடாக்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் வீடு. வாசலில் குரல் கொடுத்து அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள். பல இடங்களில் மாடிப்படி பலவீனமாக இருக்கும். சாஸ்வடுக்கு இந்த ஆண்டு போக முடிந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம். நடுவில் ஒரு மழைக்காலம் இருக்கிறது.